ஹைஸ்கூலிலிருந்தே மருத்துவக் கல்லூரி இடம்: அமெரிக்காவின் பிஎஸ்/எம்டி படிப்புகள் யாரைத் தேடுகின்றன?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதித் தேறிய பெண் நேராக எம்பிபிஎஸ் வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். ஹவுஸ் சர்ஜன் ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டில் டாக்டர். அதே வயதில் நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஹைஸ்கூல் முடிக்கும் அவளுடைய சித்தி மகளுக்கு வழி வேறு. முதலில் நான்கு ஆண்டு இளங்கலை. அதற்குள் மருத்துவக் கல்லூரியில் சேர எழுதும் எம்கேட் தேர்வு. அப்புறம் பதினைந்து இருபது மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம். இடம் கிடைத்தால் நான்கு ஆண்டு எம்டி. நம் எம்பிபிஎஸ் போல அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம். அதன் பிறகு, எடுக்கும் துறையைப் பொறுத்து 3 முதல் 7 ஆண்டு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி.

இந்த வழி இப்படி நீண்டதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில் காசு கட்டினால் யாரும் படிக்கக்கூடிய மருத்துவப் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருந்தன. 1893இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, இளங்கலைப் பட்டம் இருந்தால்தான் சேர்ப்போம் என்றது. அன்றைக்கு அது புதுமை. 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை, ஹாப்கின்ஸைத்தான் முன்மாதிரியாகக் காட்டியது. தரம் குறைந்த பள்ளிகள் வரிசையாக மூடப்பட்டன. 'முதலில் கல்லூரி, பிறகு மருத்துவம்' என்பது மெல்ல மெல்ல நாட்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 50,000க்கும் அதிகமானோர் எம்டி படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். சேருகிறவர்கள் சுமார் 23,000 பேர். நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் வெளியே நிற்கிறார்கள் என்பதால் மருத்துவத்தை நோக்கி இளங்கலை படிக்கும் ப்ரீமெட் மாணவர்களின் கல்லூரிக் காலம் முழுக்க ஒரு பயம் கூடவே வருகிறது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு 'பி' வாங்கினால் வாழ்க்கையே போய்விட்டது போல் உடைந்து போகிறார்கள். சேருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டம் வாங்கியதும் ஓராண்டாவது இடைவெளி விட்டு, விண்ணப்பத்துக்கு வலு சேர்த்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

இந்தப் பயத்திலிருந்து தப்பிக்க ஒரு சிறு வாசல்தான் பிஎஸ்/எம்டி. சில இடங்களில் பிஏ/எம்டி என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே முறை விண்ணப்பித்து, இளங்கலை இடத்தையும் மருத்துவக் கல்லூரி இடத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்வது. மொத்தம் எட்டு ஆண்டு என்பதே அதிகம். ஏழாண்டுப் படிப்புகளும் கணிசமாக உண்டு, ஆறாண்டு அபூர்வம். நாடு முழுவதும் சில டஜன் படிப்புகள்தான். ஒவ்வொன்றிலும் சேருகிறவர்கள் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலிருந்து சில பத்துகள் வரை.

சரி, அந்த வாசல் யாருக்குத் திறக்கும்? நம் குடும்பங்களில் இதைப் பற்றிய பேச்சு கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வு மதிப்பெண், கல்லூரித் தரத்தில் பள்ளியிலேயே படிக்கும் ஏபி பாடம் எத்தனை, எந்தச் சம்மர் ஆராய்ச்சி என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அவை தேவை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: இந்தப் படிப்பை அந்தக் கல்லூரி எதற்காகத் தொடங்கியது? வழக்கமான வழியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்கு ஆள் வரும்போது, 17 வயதுப் பிள்ளைக்கு மூன்று நான்கு ஆண்டுக்கு முன்பே ஒரு இடத்தை ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியம் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் தெரிந்தால், அவர்கள் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதும் ஓரளவு புரிந்துவிடும்.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 1971இல் தொடங்கிய அந்த மருத்துவப் பள்ளி, அமெரிக்காவிலேயே அபூர்வமான ஆறாண்டுப் படிப்பை நடத்துகிறது. டாக்டர் பற்றாக்குறையைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த காலம் அது. தங்கள் வட்டாரத்துக்குச் சீக்கிரம் டாக்டர்கள் வேண்டும் என்பதற்காகவே ஆண்டு முழுவதும் வகுப்பு, முதலாண்டிலிருந்தே நோயாளிகளோடு பழக்கம் என்று அமைத்தார்கள். டோசென்ட் என்று அழைக்கப்படும் மூத்த மருத்துவர் ஒருவரின் கீழ் மாணவர்கள் சிறு குழுவாக ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மற்ற பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது இவர்கள் வார்டில் இருப்பார்கள். 23, 24 வயதில் டாக்டர். அந்த வேகத்துக்கு உங்கள் பிள்ளை தயாரா என்பதைப் பிள்ளையின் இயல்பு தெரிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நியூயார்க் நகரத்தின் பொதுப் பல்கலைக்கழகமான கியூனி, 1973இல் சிட்டி காலேஜில் ஆரம்பித்த சோஃபி டேவிஸ் படிப்பின் நோக்கம் வேறு. மருத்துவத் துறைக்குள் அதிகம் நுழையாத சமூகங்களின் பிள்ளைகளைக் கொண்டு வருவதும், டாக்டர் போதாத நகர்ப் பகுதிகளுக்கு அடிப்படைச் சிகிச்சை மருத்துவர்களை உருவாக்குவதும்தான் அதன் உயிர்நாடி. 2016இல் அது முழு மருத்துவப் பள்ளியாக வளர்ந்தபோதும் அந்த நோக்கம் மாறவில்லை. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் பிஏ/எம்டி இன்னும் வெளிப்படை. அது அந்த மாநிலப் பிள்ளைகளுக்கானது. ஆண்டுக்கு 28 பேர் அளவில் எடுத்து, கிராமப்புறங்களுக்கும் டாக்டர் இல்லாத ஊர்களுக்கும் அவர்கள் திரும்பிப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

பிரவுன் பல்கலைக்கழகத்தின் பிஎல்எம்இ என்ற படிப்பு இவற்றுக்கு நேர் எதிர்த்திசை. பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்களின் குழுவான ஐவி லீகில் இப்படியொரு படிப்பு அங்கு மட்டும்தான், 1980களின் நடுவில் தொடங்கியது. எட்டு ஆண்டு. எம்கேட் கிடையாது. அவசரமும் கிடையாது. மதிப்பெண் பயம் இல்லாவிட்டால் ஒரு மாணவர் தத்துவமோ இசையோ கணினியோ மனதார ஆழ்ந்து படிப்பார், அப்படிப் படித்தவர் இன்னும் நல்ல டாக்டராவார் என்ற நம்பிக்கையில் எழுந்தது அது. அங்கே போய் "எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிரியல் மட்டும்தான் பிடிக்கும்" என்று எழுதினால், எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தவறான வீட்டுக் கதவைத் தட்டியதுபோல் ஆகிவிடும்.

நம்மவர்கள் அதிகம் விண்ணப்பிக்கும் நியூஜெர்சிப் படிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். காலேஜ் ஆஃப் நியூஜெர்சி, என்ஜேஐடி போன்ற கல்லூரிகளில் மூன்றாண்டு, பிறகு நியூவார்க் நகரிலுள்ள ரட்கர்ஸ் நியூஜெர்சி மருத்துவப் பள்ளியில் நான்காண்டு. நியூஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து காரில் அரை மணி, முக்கால் மணி நேரத் தூரம் என்பதால் அம்மா அப்பாவுக்கு நிம்மதி. ஆனால் அந்த மருத்துவப் பள்ளி நியூவார்க்குக்கு வந்த கதை எத்தனை வீடுகளில் தெரியும்? 1960களில் அது நியூவார்க்கின் சென்ட்ரல் வார்டில் 150 ஏக்கர் நிலம் கேட்டது. அங்கே குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள். ஆயிரக்கணக்கானோர் வீடிழக்கும் நிலை. 1967 ஜூலையில் நியூவார்க் கலவரத்தில் பற்றி எரிந்ததற்கு இந்த நில விவகாரமும் ஒரு காரணம். அதன் பிறகு மக்கள் அமைப்புகள் உட்கார்ந்து பேசி, 1968இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நிலம் 60 ஏக்கருக்கும் கீழே குறைந்தது. பதிலுக்கு அந்த ஊர் மக்களுக்கு மருத்துவம், வேலை, வீடு என்று வாக்குறுதிகள் தரப்பட்டன. இன்றைக்கும் அந்தப் பள்ளியின் மாணவர்கள் பயிலும் யூனிவர்சிட்டி ஹாஸ்பிட்டல், மாநிலத்தின் பொது மருத்துவமனை. இன்சூரன்ஸ் இல்லாதவர்களும் துப்பாக்கிக் காயம் பட்டவர்களும் வந்து சேரும் இடம் அது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட 17 வயதுப் பிள்ளையின் விண்ணப்பமும், 'ஏழு வருஷத்தில் முடியும், வீட்டுக்குப் பக்கம்' என்று மட்டும் தெரிந்த பிள்ளையின் விண்ணப்பமும் ஒன்றாக இருக்க முடியாது. மனப்பாடம் பண்ணி நேர்காணலில் ஒப்பிக்கச் சொல்லவில்லை. அந்த ஊரைப் பற்றித் தெரிந்து, அங்குள்ள நோயாளிகளைப் பார்க்க மனசிருந்தால் மட்டும் அங்கே விண்ணப்பியுங்கள் என்கிறேன்.

தொடங்கிய காரணம் தீர்ந்துபோனால் படிப்பும் நின்றுவிடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1961இல் ஆரம்பித்த படிப்பு இந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று. கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்கூட்டியே பிடித்துவைப்பது அன்று அவர்களுக்குத் தேவையாக இருந்தது. இன்று அந்த மருத்துவப் பள்ளிக்கு அந்தத் தேவை இல்லை. புதிய மாணவர்களைச் சேர்ப்பதை அந்தப் படிப்பு நிறுத்திவிட்டது. செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் தன் படிப்பை முடித்துக்கொண்டது. அதனால் அக்கா சேர்ந்த ஆண்டின் பட்டியலை வைத்துக்கொண்டு தம்பிக்குத் திட்டம் போடாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் கல்லூரியின் சொந்த இணையப் பக்கத்தில் புதிதாகப் பாருங்கள்.

விண்ணப்பத்தின் இயந்திர வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் வழியாகத்தான். கூடவே அந்தப் படிப்புக்கென்று தனிக் கட்டுரைகள். ஏன் மருத்துவம், ஏன் இப்போதே, ஏன் எங்களிடம் என்ற மூன்று கேள்விகளும் ஏதாவது ஒரு வடிவில் வரும். பல இடங்களில் கெடு நவம்பர் 1 அல்லது அதை ஒட்டியே முடிந்துவிடும். அதனால் கோடை விடுமுறையிலேயே எழுதத் தொடங்க வேண்டும். நேர்காணல் இருந்தால் குளிர்காலத்தின் பின்பாதியிலிருந்து வசந்தம் வரை. மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும். சாட் சப்ஜெக்ட் தேர்வுகளை 2021இல் நிறுத்திவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதில் கனமானது இரண்டாவது கேள்விதான். "உனக்கு 17 வயது. டாக்டராகத்தான் ஆக வேண்டும் என்று எப்படித் தெரியும்?" நேர்காணலில் எந்த வேடத்தில் வந்தாலும் அடியில் இருப்பது இதுதான். நியாயமான கேள்வி. மற்றவர்களுக்கு நான்கு ஆண்டு கல்லூரி வாழ்க்கை தரும் தெளிவை இந்தப் பிள்ளை இப்போதே காட்ட வேண்டியிருக்கிறது. பரிசுப் பட்டியல் இதற்குப் பதில் ஆகாது. ஒலிம்பியாட் பதக்கமும் ஆகாது. நோயோடு இருக்கும் மனிதர்களின் பக்கத்தில் போதுமான நேரம் இருந்து, அது அலுப்பாகவும் அருவருப்பாகவும் இருக்கும் நாட்களிலும் திரும்பப் போயிருக்கிறாயா என்பதுதான் பதில்.

அதற்குப் பெரிய இடம் தேவையில்லை. முதியோர் இல்லத்தில் வாரம் ஒரு நாள், இரண்டு ஆண்டுக்குப் போய், மறதி நோய் வந்த ஒருவருக்கு ஒவ்வொரு வாரமும் தன் பெயரைப் புதிதாகச் சொல்லியிருக்கலாம். கோயம்புத்தூரிலிருந்து வந்த பாட்டிக்கு நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்குப் போன இரவில், 'நெஞ்சைக் கரிக்குது' என்பதை எந்த ஆங்கிலச் சொல்லில் சொன்னால் டாக்டருக்குச் சரியாகப் புரியும் என்று திணறியிருக்கலாம். மொழி தெரியாத நோயாளி அந்த மருத்துவமனையில் எவ்வளவு தனியாக இருக்கிறார் என்பதை அந்தப் பிள்ளை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இப்படியான ஒன்று சொந்தமாக இருக்கும்போது, கட்டுரை எழுதித் தருவதற்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் ஆலோசகர்களிடம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் மாமாவின் மருத்துவமனையில் இரண்டு வாரம் இருப்பது நம் குடும்பங்களில் சாதாரணம். பார்ப்பது நல்லது. ஆனால் அங்கே அன்போடு கையில் ஊசியைக் கொடுத்து "போட்டுப் பாரும்மா" என்பார்கள். தையல் போட விடுவார்கள். பயிற்சி இல்லாத பள்ளி மாணவர் நோயாளி மேல் கை வைப்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் பார்வையில் சாதனை இல்லை, ஒழுக்கப் பிழை. வெளிநாட்டில் மாணவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று அவற்றின் சங்கம் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. அதைப் பெருமையாகக் கட்டுரையில் எழுதினால், அந்த ஒரு பத்தியே விண்ணப்பத்தைக் கீழே தள்ளிவிடும். அதைவிட முக்கியம், அந்த நோயாளியிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் 'உறுதி' என்ற சொல் இருந்தாலும், நிபந்தனைகள் இல்லாத உறுதி எங்குமே கிடையாது. குறைந்தபட்ச ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) ஒன்று இருக்கும், பெரும்பாலும் 3.5 பக்கம். அறிவியல் பாடங்களுக்குத் தனிக் கணக்கு இருக்கலாம். எம்கேட் சில இடங்களில் வேண்டாம், சில இடங்களில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தே ஆக வேண்டும். ஹைஸ்கூலிலேயே வாங்கிய இடம் அந்த ஒரு தேர்வில் கையை விட்டுப் போகலாம். வேறு நல்ல மருத்துவக் கல்லூரிக்கு முயன்று பார்க்க நினைத்தால், சில படிப்புகள் அனுமதிக்கும். சிலவற்றில் விண்ணப்பித்த அன்றே கைவசம் உள்ள இடத்தை இழந்துவிடுவீர்கள். ஏபி பாடங்களை வைத்து ஓராண்டைக் குறைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், ஏபி மதிப்பெண்ணை அறிவியல் பாடத்துக்கு ஈடாக அந்த மருத்துவப் பள்ளி ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் அடுத்தது. இளங்கலையில் கிடைக்கும் உதவித்தொகை பெரும்பாலும் மருத்துவப் பள்ளிக்குத் தொடராது. பல தனியார் மருத்துவப் பள்ளிகளில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. இதுவரை முழுச் செலவுக்கும் கடன் தந்துவந்த கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன், 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. மருத்துவம் போன்ற தொழில் படிப்புகளுக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்போடு நின்றுவிடும். மீதிக்குத் தனியார் கடன்தான். இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை மருத்துவப் பள்ளிக்குள் நுழையும்போது முழுக்க இந்தப் புதிய விதியின் கீழ்தான் இருக்கும். இன்னொரு பக்கம், நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2018இலும் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி 2024இலும் கட்டணத்தையே எடுத்துவிட்டன. பிஎஸ்/எம்டி இடத்தோடு கட்டிப்போடப்பட்ட மாணவருக்கு அந்தக் கதவுகள் மூடித்தான் இருக்கும். கிடைக்குமா என்று தெரியாத இலவச இடத்துக்காகக் கையிலிருப்பதை விடச் சொல்லவில்லை. கணக்குப் போடும்போது அதையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் மனம் கனக்கும் பகுதி விசா. பெரும்பாலான பிஎஸ்/எம்டி படிப்புகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. மாநிலப் படிப்புகள் அதற்கு மேல் அந்த மாநிலத்தில் குடியிருப்பும் கேட்கும். மூன்று வயதில் சென்னையிலிருந்து வந்து, எல்லா வகுப்பும் இங்கேயே படித்து, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவிலேயே வளர்ந்த பிள்ளைகள் நம் வீடுகளில் ஏராளம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை பல ஆண்டுக் கணக்கில் நீண்டு கிடப்பதால், அப்பா அம்மாவின் முறை வருவதற்குள் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிடுகிறது. அதோடு எச்-4 தகுதி போய்விடும், வெளிநாட்டு மாணவராக எஃப்-1 விசாவுக்கு மாற வேண்டும். வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் மருத்துவப் பள்ளிகளே குறைவு. எடுப்பவையிலும் சில, ஓராண்டு முதல் நான்காண்டு வரையான கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிவைக்கச் சொல்கின்றன. பதினொன்றாம் வகுப்பு வரை இதைப் பிள்ளையிடம் மறைத்துவைக்கும் பெற்றோர் உண்டு. அன்பினால்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்பிலேயே உட்கார்த்திச் சொல்லிவிட்டால், விதிவிலக்கான படிப்புகளைத் தேடவும், கனடாவையோ இந்தியாவையோ சேர்த்து யோசிக்கவும் நேரம் இருக்கும்.

ஓராண்டு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இந்த வழியில் போகாதீர்கள் என்றே நான் சொல்வேன். 40 ஆண்டு பார்க்கப் போகும் தொழிலில் ஓராண்டு முன்னே பின்னே ஆவது பெரிதில்லை. உண்மையில் கிடைப்பது, 18 முதல் 22 வயது வரை பயமில்லாமல் படிக்கும் சுதந்திரம். அதனால் எட்டாண்டு, எம்கேட் இல்லாதது, மனம் மாறினால் இளங்கலைப் பட்டத்தோடு கௌரவமாக வெளியே வர விடுவது, இந்த மூன்றும் உள்ள படிப்பையே நான் மேலே வைப்பேன். வழக்கமான கல்லூரிகளுக்கும் கூடவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து பிஎஸ்/எம்டி இடங்களை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து. ஆஸ்டியோபதி டாக்டர் பட்டமான டிஓவுக்கும் இப்படி முன்கூட்டியே இடம் தரும் படிப்புகள் இருக்கின்றன. 2020இலிருந்து எம்டி, டிஓ இருவருக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. 'எம்டி இல்லையா?' என்று முகம் சுளிக்கும் சொந்தக்காரர்களுக்காக அதைத் தள்ளிவிட வேண்டாம்.

கடிதம் வந்த நாளுக்கும் மே 1க்கும் நடுவே சில வாரங்கள் கிடைக்கும். அந்த நாட்களில் அந்தப் படிப்பில் ஏற்கெனவே மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவரோடு உங்கள் பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இல்லாமல். உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், போனவர்கள் ஏன் போனார்கள், போகும்போது கல்லூரி அவர்களை எப்படி நடத்தியது என்று கேட்கட்டும்.